எங்கள் வாசலுக்கு வந்த வெற்றிலை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. திவசத்துக்கு வரும் உறவுகளின் கையிலும் நண்பர்களின் கையிலும் எழுத்தில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று என் மகள் சொன்னாள். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். நான் தபாற்கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் பாடல் பாடித் தருகிறேன் என்று பெரியவர் ஒருவர் முன்வந்தார். அவருடைய அன்புக்கு நன்றி. ஆனால் ஆளைத் தெரியாதவர் ஆளைப் பற்றி எழுதுவதை அக்கா ஒரு நாளும் பொறுத்துக்கொண்டதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னியுங்கள். அக்கா இருந்திருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அக்கா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் அம்மாவின் வீட்டில் பிறந்தார். அப்பா தேற்றாத்தீவிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு மாப்பிள்ளையாக வந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். குடி என்கிற குலப்பிரிவும் அப்படித்தான். கோயிலில் உரிமை பார்ப்பதும் மரணவீட்டில் முறை செய்வதும் குடி பார்த்தே நடக்கும். அந்தக் குடி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது. வயிற்றுவார் என்று சொல்வோம். வெளியூர் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன், ஊரவர்கள் தாண்டிப் போகலாம்.

அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். ஆண்பிள்ளை இல்லையே என்று அப்பா ஒருபோதும் குறைப்பட்டதில்லை. வயல் வட்டையில் அண்ணன் தம்பிமாரோடு மற்றவர்கள் செய்த வேலையைத் தனி ஆளாகச் செய்தார். வெள்ளம் வந்து வயல் அழிந்துபோன வருடங்களில் எங்கள் வீட்டில் கூனி இறாலும் கீரையும்தான் கறி. அக்கா அதைக் கஷ்டம் என்று சொல்ல மாட்டார். பிற்காலத்தில் பெரிய பெரிய விருந்துகளில் இருந்தபோதெல்லாம் அம்மா வறுத்த கூனியைத்தான் நினைத்ததாகச் சொல்வார்.

ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் போக வேண்டும். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதை பழுதானால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஒரு மாரியில் அது பல நாள் கரையிலேயே கிடந்தது. அக்கா அதைப் பற்றி எழுதிக் கொழும்பிலுள்ள பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பினார். பாதை ஓட்டுபவரின் பெயர், அவர் சொன்ன காரணம், அலுவலகத்தில் சொன்ன காரணம், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராதது எல்லாம் அதில் இருந்தன. பத்திரிகை அதை அப்படியே போட்டது. பத்திரிகை ஊருக்கு வந்த அன்று பாதை ஓட்டுபவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“என்ட பேரை ஏன் புள்ள போட்ட நீ? எனக்கு வேலை போயிரும்” என்றார்.

“நீங்க சொன்னதைத்தானே மாமா நான் எழுதின. பொய் எண்டா சொல்லுங்க, திருத்தி எழுதுறன்” என்றார் அக்கா.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பொய் இல்லை என்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். பாதை அடுத்த வாரமே ஓடத் தொடங்கியது, அவருக்கு வேலையும் போகவில்லை. அக்கா அன்றிலிருந்து பத்திரிகைக்காரர்.

படிப்பு முடிந்ததும் அந்தப் பத்திரிகையே அவரைக் கொழும்புக்கு எடுத்துக்கொண்டது. ஆசிரியபீடத்தில் பெண்கள் மகளிர் பக்கம் பார்ப்பதுதான் அப்போது வழக்கம். அக்காவிடம் சமையற்குறிப்பு எழுதச் சொன்னார்கள். அக்காவின் சமையலைச் சாப்பிட்டுப் பழகிய நாங்கள் வாசகர்களுக்காகப் பரிதாபப்பட்டோம். நல்ல காலம், கிழக்கிலங்கைச் செய்திக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்கா ஊருக்கும் கொழும்புக்குமாக அலைய ஆரம்பித்தார்.

போர் வந்த பிறகு அவர் எழுதிய செய்திகள் மாறிவிட்டன. பிள்ளையைத் தேடி அலையும் தாய்மாரின் பேச்சை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுவார். எங்கள் ஊராரும் முஸ்லிம் ஊராரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சிய காலமும் வந்தது. அந்தக் காலத்திலும் அக்காவும் ஏறாவூரைச் சேர்ந்த சக நிருபர் ஒருவரும் சேர்ந்தே செய்தி எடுத்தார்கள். அவரை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். தமிழ் ஊருக்குள் அக்கா முன்னால் நடப்பார், முஸ்லிம் ஊருக்குள் நானா முன்னால் நடப்பார். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினார்கள். ஏச்சு சரிசமமாகக் கிடைத்தால் செய்தி சரியாக வந்திருக்கிறது என்று இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் பத்திரிகைக் கந்தோருக்கு முகம் தெரியாத இருவர் வந்து, அக்கா எங்கே தங்குகிறார் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் யார், எந்தப் பக்கத்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பத்திரிகை ஆசிரியர் அதன் பிறகு அவரைத் தங்கியிருந்த அறைக்குத் திரும்ப விடவில்லை. வெளிநாடு ஒன்றில் பத்திரிகைப் பயிற்சிக்கு வந்திருந்த அழைப்பைக் காட்டி, அவரை அனுப்புவதற்கு வேண்டியதைச் செய்தார். புறப்படுமுன் ஒரு பகல் மட்டும் அக்கா ஊருக்கு வந்தார். அம்மா கூனி வறுத்தார். அக்கா சாப்பிடும்போது நான் எதிரே இருந்தேன். போகாதீங்க என்ற சொல் தொண்டை வரை வந்தது. இருந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“ஆறு மாசம்தான் தங்கச்சி. முடிய வந்திருவன்” என்றார் அக்கா.

அந்த ஆறு மாதம் முப்பது வருடத்துக்கு மேல் நீண்டது.

அந்தக் குளிர்நாட்டில் அக்கா முதலில் முதியோர் இல்லமொன்றில் தரை துடைத்தார். மாலையில் மொழி படித்தார். பிறகு அங்குள்ள வானொலியில் செய்தி வாசிக்கவும் எழுதவும் இடம் கிடைத்தது. புதிதாகத் தேர்தல் நடத்தத் தொடங்கியிருந்த நாடுகளுக்கு அனுப்ப, போரையும் பத்திரிகையையும் அறிந்த ஆட்களை அந்நாட்டு வெளிநாட்டமைச்சு தேடிக்கொண்டிருந்தது. அப்படித்தான் எங்கள் அக்கா தூதரக அதிகாரியானார். கறுப்புக் கோட்டோடு கொடிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். ஊரே வந்து பார்த்தது. அம்மா மட்டும் “மெலிஞ்சு போனா” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

ஜனநாயகத்தை வளர்ப்பது அவருடைய வேலை என்று ஆட்கள் பெரிதாகச் சொல்வார்கள். அது என்ன வேலை என்று நான் ஒரு முறை தொலைபேசியில் கேட்டேன்.

“சண்டை பிடிக்கிற ரெண்டு பேரை ஒரே வாங்குப் பலகையில இருத்துறதுதான் புள்ள” என்றார். எதிரெதிரே இருத்தினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முறைப்பார்களாம். பக்கத்தில் பக்கத்தில் இருத்தினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துத்தானே ஆக வேண்டும். ஒரே ஆளோடு ஒரே நாளில் இரண்டு தரம் வாதாடுவதில்லை என்பது அவர் வைத்திருந்த இன்னொரு கட்டுப்பாடு. தன் யோசனையை மற்றவர் தமது யோசனையாக எடுத்துச் சொல்லும்வரை காத்திருப்பார். ஆப்பிரிக்க நாடொன்றில், தேர்தலில் தோற்ற பெரிய மனிதர் ஒருவர் தோல்வியை ஒத்துக்கொள்ளாமல் ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தாராம். அக்கா அவர் வீட்டு மாமரத்தடியில் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய ஆடுகளைப் பற்றியே பேசிவிட்டுத் திரும்பினாராம். மறுநாளும் ஆடுகள்தான். கடைசியில் அவரே பொறுக்க முடியாமல், “இப்ப நான் என்னதான் செய்ய வேணும்?” என்று கேட்டாராம். அக்கா சொன்ன கதை இது. அவருடன் வேலை செய்தவர்கள், ஆடுகளைப் பற்றிப் பேசியது ஒரு கிழமைக்கு மேல் என்று எங்களுக்கு எழுதியிருந்தார்கள்.

எங்கே போனாலும் எங்கள் வாவி அவரை விட்டுப் போகவில்லை. ஆற்றுக்கு நடுவே இருந்த ஊர்களுக்கு வாக்குப்பெட்டிகளை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போன ஒரு நாள், அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். “சேத்துக்க நிக்கிற கண்ணா மரம் அப்பிடியே நம்மட வாவிக் கரை போல இரிக்கு தங்கச்சி. நாத்தமும் அதே நாத்தம்” என்றார். அதைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. நான் கிழங்கு அவிந்துவிட்டது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அடுப்பில் கிழங்கே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் முறைப்படி பெரிய வீடு மூத்தவளுக்கு. அக்கா கலியாணம் கட்டவில்லை. ஆனாலும் அம்மா வீட்டை அவர் பெயரில்தான் எழுதினார். பின் வளவில் அப்பா கட்டித் தந்த சின்ன வீட்டில் நானும் என் கணவரும் மகளும் இருந்தோம். அப்பா போனார், பிறகு அம்மாவும் போனார். பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் கூட்டித் துடைத்து விளக்கேற்றுவேன். வாடகைக்குக் கொடுங்கள் என்று பலர் சொன்னார்கள். அது ஆளிருக்கும் வீடு, ஆள் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு சித்திரை வருடத்துக்கும் அக்கா கூப்பிட்டு, “வாற வருசம் வந்திருவன், ஒரு தேர்தல்தான் இரிக்கு” என்பார். உலகத்தில் அவ்வளவு தேர்தல் நடக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

போர் முடிந்த பிறகு இரண்டொரு தடவை விடுமுறையில் வந்தார். அப்படி வந்த ஒரு முறை, வீட்டை என் மகள் பெயருக்கு எழுதி வைக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அவளுக்கு வேறு கட்டுவோம் என்றேன். வீடு கை மாறினால் அக்கா திரும்பி வர ஒரு காரணமும் இருக்காது என்ற பயம்தான் உண்மை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூதரகத்தில் எத்தனையோ பேரின் மனதை வாசித்தவர், என் மனதை வாசிக்காமலே விமானம் ஏறினார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு நோய் கண்டது. அந்நாட்டு வைத்தியர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். இனி மருந்து பெரிதாக உதவாது என்று சொன்ன அன்று என்னைக் கூப்பிட்டு, “முன்னறையைத் துடைச்சு வை தங்கச்சி, வாறன்” என்றார். அந்தச் சொல்லுக்காக நான் காத்திருந்த காலத்தை நினைத்து அன்று சந்தோசப்பட்டேனா, நெஞ்சிலடித்து அழுதேனா என்று எனக்கே தெரியாது. இரண்டும்தான். நானா ஏறாவூரிலிருந்து வான் பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போய் அவரைக் கூட்டி வந்தார். வழியெல்லாம் இருவரும் பழைய பத்திரிகை ஆசிரியர்களைப் பற்றிப் புறணி பேசிக்கொண்டு வந்ததாகச் சாரதி சொன்னார்.

வந்தவர் படுத்திருப்பார், நான் பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுப்பேன் என்று நினைத்தேன். அக்கா வந்த கிழமையே ஊரில் என்ன நடக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நடந்துகொண்டிருந்தது வண்ணக்கர் தெரிவு. எங்கள் பிள்ளையார் கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு வண்ணக்கர் உண்டு. கோயில் நிருவாகத்தில் அந்தக் குடிக்காகப் பேசுபவர் அவர். எங்கள் குடிக்கு நெடுங்காலம் வண்ணக்கராக இருந்த, அம்மாவுக்குத் தம்பி முறையான மாமா, வயது போய்விட்டது, விலகுகிறேன் என்று அறிவித்திருந்தார். புதியவரைத் தெரிய குடிக்கூட்டம் கூட வேண்டும். கூட்டத்துக்கு வீடு வீடாக வெற்றிலை வைத்து அழைப்பார்கள். வெற்றிலை கிடைக்காதவர் அங்கே போய் இருக்க முடியாது. குடியிலுள்ள ஆண்களுக்குத்தான் வெற்றிலை. அப்பா வேறு குடி, என் கணவரும் வேறு குடி. அதனால் எங்கள் வீட்டுக்கு வெற்றிலை வந்ததே இல்லை. அம்மாவின் காலத்திலும் அப்படித்தான், அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

அக்கா அந்தக் குளிர்நாட்டின் குடியுரிமை எடுத்தவர். அதனால் பிறந்த நாட்டில் அவருக்கு வாக்கில்லை. ஊரில் அவர் ஒரு முறைகூட வாக்களித்ததும் இல்லை. அந்த வயது வந்தபோது கொழும்பில் மற்றவர்களின் தேர்தலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார், பிறகு நாட்டிலேயே இல்லை. ஒரு நாள் விறாந்தையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

“குடியுரிமையை நான்தான் விட்டுக்குடுத்த, சரி. குடியை நான் விட்டுக்குடுக்கல்லயே தங்கச்சி. அது அம்மா தந்தது. அதுக்குக் கடவுச்சீட்டா கேப்பாங்க? சாகிறதுக்கு முந்தி என்ட ஊரில ஒரு தரம் கையைத் தூக்கோணும்.”

மறுநாள் மாமாவுக்கு ஆள் அனுப்பினார். மாமா வருமுன், விறாந்தையில் கிடந்த கதிரைகளை உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டு, பழைய வாங்கைக் கொண்டுவந்து போடச் சொன்னார். அந்த வாங்கைக் கண்டதுமே மாமாவின் கதை முடிந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் முற்றத்துத் தென்னையைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

“வெத்திலை ஆம்பிளையளுக்குத்தான் புள்ள. அது அந்தக் காலத்தில இருந்து வாற முறை” என்றார் மாமா.

“உங்களுக்குக் குடி ஆருட்ட இருந்து வந்த மாமா?”

“என்ட தாய்ட்ட இருந்து.”

“அவவுக்கு வெத்திலை வச்சாங்களா?”

மாமா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “நீ வெளிநாட்டில கதைச்ச கதையை இஞ்ச கதைக்காத” என்றார். குரலில் கோபம் இருந்தது.

அக்கா உடனே பேச்சை மாற்றி, மாமாவின் எருமைகளைப் பற்றிக் கேட்டார். மாமா தயிரைப் பற்றியும் மேய்ச்சல் தரையைப் பற்றியும் வெயில் தாழும்வரை பேசினார். மறுநாளும் தானாக வந்தார். அதற்கடுத்த நாட்களிலும் வந்தார். இடையிடையே அக்கா, “வேற குடிக்காரர் நம்மளப் பாத்துச் செய்யிறாப்போல ஒண்டை நீங்க வண்ணக்கரா இரிக்கையிலயே செய்துபோட்டு விலகினா நல்லாத்தான் இரிக்கும்” என்று மட்டும் சொல்லி வைப்பார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மாமா கோயில் வாசலில் நின்று, இந்த முறை குடியிலுள்ள பெண்டுகளுக்கும் வெற்றிலை வைப்போம் என்று தான் யோசித்திருப்பதாக அறிவித்தார். சிலர் முணுமுணுத்தார்கள். மாமாவின் குரலுக்கு எதிரே யாரும் நிற்கவில்லை. அது தன் யோசனை என்றுதான் மாமா இன்றும் சொல்கிறார். மாமா இதை வாசித்தால் கோபிக்க வேண்டாம், அக்கா சாகும்வரை உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வெற்றிலை வந்த அன்று ஒரு வேடிக்கை நடந்தது. தட்டோடு வந்த இளைஞர், பழக்கதோசத்தில், வாசலில் நின்ற என் கணவரின் கையில் தட்டைக் கொடுத்துவிட்டார். என் கணவர் பயந்தே போனார். வேறு குடி வெற்றிலையைக் கையால் வாங்கினால் அது அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

“தம்பி, இது என்ட குடி இல்ல. நான் இந்த வீட்டுக்கு வந்த ஆள்” என்று தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். இளைஞருக்கும் திரும்ப வாங்கலாமா என்று தெரியவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா உள்ளே கட்டிலில் படுத்தபடி இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து இருமலாகிவிட்டது. பிறகு எழுந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தன் வெற்றிலையை வாங்கினார். எனக்கும் ஒரு சுருள் இருந்தது. அக்கா தன்னுடையதைப் போடவில்லை. தலைமாட்டில் வைத்து, வாடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்ணக்கராக வர இரண்டு பேர் முன்வந்திருந்தார்கள். ஒருவர் பெரியம்மாவின் மகள்வழிப் பேரன். வெளிமாவட்டத்தில் ஆசிரியர், நன்றாகப் பேசுவார், திருவிழாவுக்குத் தவறாமல் வருவார். மற்றவர் எங்களுக்குத் தம்பி முறை. கோயிலுக்குப் பக்கத்திலேயே வீடு, வேளாண்மை செய்கிறார், கொஞ்சம் முன்கோபக்காரர். அக்காவுக்கு ஆசிரியர்தான். கோயிலின் விசயங்களை வெளியே எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும் என்றார். பார்க்க வந்த பெண்களிடமெல்லாம் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, “இது என்ட விருப்பம். நீங்க உங்கட விருப்பத்துக்குத் தூக்குங்க” என்பார். மறைத்துப் போடும் வாக்காக இருந்தால் நல்லது என்பது அவர் எண்ணம். மாமாவை மேலும் நெருக்காமல் விட்டுவிட்டார். முதலில் கை உயரட்டும், மற்றது பிறகு வரும் என்றார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்காவுக்கு நோய் கடுமையாகிவிட்டது. எழும்ப முடியவில்லை. கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நானா சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்த வைத்தியர் கூடாது என்றார். அக்கா அதற்காக அழுததை நான் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். என் வயதுக்கு அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“நீ போ. ஒண்டு சொல்றன், என்ட கையை நீ தூக்காத. உனக்கு ஒரு வாக்குத்தான். ஆரும் சொல்லுவாங்க, அக்காக்கும் சேத்துத் தூக்கு எண்டு. தூக்காத.”

கோயில் மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாக இருந்தோம். முதல் தடவை என்பதால் எந்தப் பக்கம் இருப்பது என்றுகூடப் பலருக்குத் தெரியவில்லை. மாமா இரண்டு பேருடைய பெயரையும் சொல்லி, ஆசிரியருக்கு விருப்பமானவர்கள் கை தூக்கச் சொன்னார். நான் தூக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அடுத்து தம்பியின் பெயரைச் சொன்னார். நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்த தங்கச்சி முறைக்காரி ஒருத்தி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

மாமா என்னைக் கண்டுகொண்டார். “சரி புள்ள, உன்ட கை இங்கால. அக்காட விருப்பம் வாத்தியார் எண்டு ஊருக்கே தெரியும். வெத்திலை வாங்கின ஆள், வருத்தத்தில கிடக்கிறா. அவவுக்காக மற்றக் கையை வாத்தியாருக்குத் தூக்கு, ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க” என்றார். பல பேர் ஓம், ஓம் என்றார்கள். அவர்கள் அன்பால்தான் சொன்னார்கள். என் மற்றக் கை மடியில் இருந்தது. வாவிக் காற்று மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தது. நான் அந்தக் கையைத் தூக்கவில்லை. அக்கா தூக்க வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னேன். தம்பி வண்ணக்கரானார்.

வீட்டுக்குச் சுற்றுவழியால் வந்தேன். அக்கா விழித்துக்கொண்டிருந்தார்.

“பொம்பிளையள் வந்தாங்களா?” என்றுதான் முதலில் கேட்டார்.

“வந்தாங்க. நிறையப் பேர்.”

“ஆரு வந்த?”

“தம்பி.”

“வாத்தியார் தோத்துட்டானா? சரி, அவனுக்கும் ஒரு தரம் தோத்துப் பழகோணும்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “நீ ஆருக்குத் தூக்கின?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். “தம்பிக்கு” என்றேன்.

“ஏன்?”

“அவர் ஊரில இரிக்கிற ஆள். நமக்கு ஊரில இரிக்கிற ஆள்தான் வேணும்.”

நான் சொன்னது எங்கே போய்ப் பட்டது என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து போகப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது எனக்கும் எதிராப் போட்ட வாக்குத்தானே?”

“ஓம் அக்கா.”

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது கோபம். வந்தது சிரிப்பு. ஏதோ நாட்டில் ஏதோ ஒரு தேர்தல் அமைதியாக முடிந்த செய்தியைத் தொலைபேசியில் சொல்லும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“இவ்வளவு காலமும் ஏன் புள்ள வாய் திறக்கல்ல நீ? போகாதீங்க எண்டு ஒரு நாள் சொன்னியா? வாங்க எண்டு சொன்னியா? நான் ஊர் ஊராப் போய், கதையுங்க, கேளுங்க எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சிரிக்கன். என்ட வீட்டில ஒருத்தி கதைக்காமலே இரிந்திரிக்காள்.”

“கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?”

அக்கா யோசித்தார். எனக்காகப் பொய் சொல்லுவார் என்று கொஞ்சம் ஆசைப்பட்டேன். அவர் சொல்லவில்லை.

“தெரியா. வராமலும் இரிந்திருப்பன். ஆனா நீ கேட்டிரிக்கோணும். கேக்க உனக்கு உரிமை இரிந்த.”

அதன் பிறகு அக்கா எங்களோடு இருந்தது சில கிழமைகள்தான். அந்த நாட்களில் நாங்கள் இருவரும் வாழ்க்கையில் பேசாததையெல்லாம் பேசினோம், சண்டையும் பிடித்தோம். வீட்டை மகள் பெயருக்கு எழுதச் சம்மதித்தேன். ஒரு பகல், சோறு வடிக்கும் நேரத்தில், அம்மாவின் அறையாக இருந்த முன்னறையில், என் கை அவர் கையில் இருக்க, அக்கா கண்ணை மூடினார். எங்கள் குடியின் முறைப்படி எல்லாம் நடந்தன. புதிய வண்ணக்கரும் தோற்ற ஆசிரியரும் பாடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். யாரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை.

அக்காவின் நோயின்போது இரவு பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். அவர் வேலை செய்த நாடுகளிலிருந்து செய்தி அனுப்பிய நண்பர்கள், எங்களுக்குப் புரியாத மொழிகளில் அழுதார்கள், எங்களுக்குப் புரிந்தது. எங்கள் நானா, மரணவீட்டின் எல்லா நாளும் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார். அவருடைய வீட்டார் அனுப்பிய சாப்பாட்டை நாங்கள் மறக்க மாட்டோம். பெண்டுகளுக்கு வெற்றிலை வைத்த மாமாவுக்கும், அன்று மண்டபத்துக்கு வந்து கை தூக்கிய ஒவ்வொரு பெண்ணுக்கும், எனக்கு எதிராகத் தூக்கியவர்களுக்கும் நன்றி. பந்தல் போட்டவர்கள், தண்ணீர் அள்ளியவர்கள், சமைத்தவர்கள், பெயர் விடுபட்டவர்கள் எல்லாரும் இந்த நன்றியை உங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். வேறு குடி வெற்றிலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவருக்கும், என்னை இதை எழுத வைத்த மகளுக்கும் வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

கேட்க எனக்கு உரிமை இருந்தது என்று அக்கா சொன்னார். அந்த உரிமையை இன்றைக்கு, உங்கள் எல்லாருக்கும் முன்னால், அச்சில் எடுத்துக்கொள்கிறேன். பதில் வராது என்று எனக்குத் தெரியும்.

அக்கா, போகாதீங்க. எனக்கு நீங்க இஞ்ச வேணும்.